இரு மாநிலமும் ஒரு வாக்கும்

தமிழர் மேடைகளில் தேர்தலைப் பற்றிய பேச்சு எழுமாயின், உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டாமல் அது முடிவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்ததையும், தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டதையும், ஏதும் அறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்ததையும் அவை விரித்துரைக்கின்றன. கொச்சியில் வாழும் நாங்களும் இப்பெருமையைப் பேசி மகிழ்ந்தவர்களே.

ஆயினும், அக்கல்வெட்டில் நாம் விரைந்து கடந்து செல்லும் வரிகளும் உள. ஓலையில் பெயர் ஏறுவதற்குக் கால்வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீட்டில் குடியிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவன் பெயர் அக்குடத்துள் விழாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற அந்த 'மனை' என்னும் சொல், தோப்பும்படியில் எங்கள் வாசலிலும் ஒருநாள் வந்து நிற்கும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

தோப்பும்படி, மட்டாஞ்சேரிக்கு அண்மையில், வெலிங்டன் தீவிலிருந்து வரும் பழைய துறைமுகப் பாலம் மேற்குக் கொச்சியைத் தொடும் இடம். விடியற்காலையில் அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் நின்றால் காதில் விழும் மொழிகளுள் தமிழும் ஒன்று. குமரிக் கடற்கரையின் தூத்தூர் முதலிய ஊர்களிலிருந்து வந்த ஆழ்கடல் மீனவர்கள் அங்கே படகு கட்டுகின்றனர். சற்று வடமேற்கே, கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில், டச்சுக்காரர் காலத்திலேயே துணி வெளுக்க அழைத்து வரப்பெற்ற வண்ணார் மரபினர் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் அரிசியும் கைமாறும் பண்டகசாலைகளில், கணக்கெழுதியும் மூட்டை சுமந்தும் வாழ்ந்த தமிழர் பலர். எங்கள் தந்தையார் அவர்களுள் ஒருவர்.

அவர் 1940இல் பிறந்தவர். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூரிலிருந்து 1963இல் கொச்சிக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1962 பொதுத்தேர்தலில், சொந்த ஊரில் தம் முதல் வாக்கை அளித்திருந்தார். அன்று வாக்களிக்கும் வயது இருபத்தொன்று. அந்த முதல் வாக்கின் சுவை அவரை விட்டு நீங்கவேயில்லை. பிழைப்பு இங்கே, வாக்கு அங்கே என்று வகுத்துக்கொண்டார். தேர்தல் வந்தால் போதும். இரண்டு நாள் விடுப்புச் சொல்லி, கொல்லம் சென்று, செங்கோட்டை மலைப்பாதை இரயிலில் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது விரல் மையை எங்களுக்குக் காட்டி, "ஊர் நம்மை மறக்கலை, பார்த்தியா?" என்பார். வாக்கு என்பது அவருக்கு அரசை அமைக்கும் கருவி மட்டுமன்று. ஊரின் வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன்' என்று சொல்லும் குரலும் ஆகும்.

2016ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மலைப்பாதையில் அகலப்பாதைப் பணி நடந்துகொண்டிருந்தமையால் இரயில் இல்லை. எழுபத்தாறு வயதில் தந்தையார் பேருந்தேறி, ஆரியங்காவு கடந்து, ஊர்போய்ச் சேர்ந்தார். வாக்குச்சாவடியில் பட்டியலைப் புரட்டிய அலுவலர், "உங்க பேர் இல்லையே ஐயா" என்றார். குடிபெயர்ந்தவர் என்று பெயர் நீக்கப்பட்டிருந்தது. வாக்காளர் அட்டையைக் காட்டினார். பட்டியலில் பெயர் இன்றேல் அட்டை பயன்படாது என்றனர். அவர்கள் கூறியது சட்டப்படி சரியே. தோப்பும்படிப் பட்டியலிலோ அவர் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்தன. இரண்டிலும் உழைத்த அம்மனிதருக்கு ஒரு வாக்கும் இல்லை.

மறுநாள் இரவு வீடு திரும்பியவர், கை கால் கழுவி, உண்ணாமல் படுத்துக்கொண்டார். இரண்டு நாள்கள் கழித்து அவர் சொன்னது ஒன்றே: "என் பேரை யாரோ அழிச்சுட்டாங்கடா." இச்சொல்லின் கனத்தை எங்களால் இறக்கி வைக்க இயலவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போதுதான் நாங்கள் படித்தறிந்தோம். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒருவர் 'வழக்கமாகக் குடியிருக்கும்' தொகுதியில்தான் வாக்காளராகப் பதிவு பெறலாம் என்கிறது. சொந்த ஊரில் வீடோ நிலமோ இருப்பதனால் மட்டும் ஒருவர் அங்குக் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 20ஆம் பிரிவு தெளிவுறுத்துகிறது. ஒரே காலத்தில் இரண்டு தொகுதிகளில் பெயர் இருத்தல் 17ஆம் பிரிவின்படி கூடாது. ஆகவே, தந்தையாரின் வாக்கு பல்லாண்டுகளாகத் தோப்பும்படியில் இருந்திருக்க வேண்டும். அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, குடிபெயர்ந்தார் என்று ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வாய்ப்பளித்தல் வேண்டும் என்றும் விதிக்கிறது. கொச்சியில் இருந்தவருக்கு அவ்வறிவிப்பு எட்டவில்லை. சட்டத்தை அறியாமல் அவர் பிழைத்தார். சட்டம் வேண்டும் வாய்ப்பு அவரை வந்தடையாமல் போயிற்று. இரு பக்கத்துத் தவறும் சேர்ந்தே ஒரு முதியவரின் வாக்கை விழுங்கின.

இனி இங்கே பெயர் சேர்க்கலாம் என்று ஆறாம் படிவத்தை எடுத்தோம். குடியிருப்புக்குச் சான்று கேட்டனர். வீடு வாடகை வீடு, ஒப்பந்தம் வாய்மொழி. வீட்டு உரிமையாளரிடம் ஓர் எழுத்துக் கேட்டபோது, "அதெல்லாம் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வீட்டைக் காலி செய்வீர்களா?" என்று நகைத்தார். உத்தரமேரூரின் 'தன் மனை' நினைவுக்கு வந்த கணம் அதுவே. பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம் இல்லாவிடினும், சமையல் எரிவாயு இணைப்புச் சீட்டோ, வங்கிக் கணக்குப் புத்தகமோ போதும் என்று எங்கள் பகுதி அங்கன்வாடி ஆசிரியை சொன்னார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியும் அவருக்கே. அவர் சொன்ன மற்றொன்று எங்களை வியப்பில் ஆழ்த்தியது: வீடே இல்லாமல் தெருவோரத்தில் படுப்பவர்க்கும் வாக்குண்டு, அலுவலர் இரவில் சென்று, அவர் அங்கு உறங்குவதை நேரில் கண்டு பதிவு செய்வார், சான்றுத்தாள் வேண்டியதில்லை. மனையில்லாதவன் பெயர் ஏறாத குடத்திலிருந்து, உறங்கும் இடத்தையே முகவரியாக ஏற்கும் பட்டியல் வரையில் நம் நாடு நடந்து வந்திருக்கிறது. இந்நடைக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

இந்தக் கொச்சி மண்ணுக்கும் அந்நடையில் பங்குண்டு. 1913இல், தாழ்த்தப்பட்டோர் நிலத்தில் கூட்டம் கூட இடம் இல்லாமையால், எறணாகுளம் காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, நீரின்மேல் கூடினர். அவர்தம் உரிமைக்காக உழைத்த பண்டிட் கறுப்பன், 1925இல் கொச்சிச் சட்டமன்றம் அமைந்தபோது அதில் நியமனம் பெற்றார். சொத்தும் வரியும் கல்வியுமே வாக்குக்கு அளவுகோலாக இருந்த காலம் அது. காயலின் நடுவே உள்ள முளவுகாட்டில் 1912இல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், நாட்டின் அரசமைப்பை வகுத்த அவையில் இடம்பெற்ற தாழ்த்தப்பட்ட வகுப்பினருள் ஒரே பெண்மணி. 1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரும், அதே ஆண்டில் கொச்சியும், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்களித்துத் தேர்தல் நடத்தின. இந்தியக் குடியரசின் முதற்பொதுத்தேர்தலுக்கு மூன்றாண்டுகட்கு முன்னரே நிகழ்ந்தது இது. வாக்குரிமை இம்மண்ணில் எளிதாக முளைத்ததன்று. காயல் நீரில் மிதந்து கரை சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான வரலாற்றையும் புலம்பெயர்ந்த தமிழர் மறத்தலாகாது. இலங்கையின் மலையகத் தோட்டத் தமிழர், 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டத்தாலும், அதனை அடுத்த சட்டங்களாலும், அவர்களுள் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்து நாடற்றோர் ஆயினர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பிறகே எஞ்சியோரின் நாடற்ற நிலை நீங்கியது. பெயர் ஏறுவதற்கு ஒரு தலைமுறை. அழிவதற்கு ஒரு சட்டம். மீள்வதற்கு அரை நூற்றாண்டு. அவர்களோடு ஒப்பிடின் எங்கள் இன்னல் தூசு. மாநிலம் மாறினும் நாடு மாறாத நமக்குக் கதவு திறந்தே இருக்கிறது. தட்டவேண்டியது மட்டுமே நம் கடன்.

தட்டினோம். 2019 ஏப்ரல் 23ஆம் நாள், நாடாளுமன்றத் தேர்தலில், எங்கள் தந்தையார் தோப்பும்படியில் வாக்களித்தார். ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த ஊரில் அதுவே அவரது முதல் வாக்கு. பட்டியல் மலையாளத்தில் இருந்தது. தேவிகுளம் போன்ற தமிழர் செறிந்த பகுதிகளில் தமிழுக்கு இடமுண்டு. சிதறி வாழும் நமக்கு அது வாய்ப்பதில்லை. அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஆயினும், சின்னமும் வேட்பாளர் படமும் எவர்க்கும் புரியும் எழுத்துகள் அல்லவா? வெளியே வந்தவர் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பழைய சொல்லை அவர் சொல்லவில்லை. "இங்கயும் மை அதே நிறம்தான்" என்றார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

அதன்பின்னரே எங்கள் கண் அன்னையார் பக்கம் திரும்பியது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். 1949இல் பிறந்த அவர், 1968இல் மணமாகித் தோப்பும்படிக்கு வந்தபோது வாக்களிக்கும் வயது வந்திருக்கவில்லை. வயது வந்தபின் எவரும் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. 'வீட்டுக்கு ஒருவர் போட்டால் போதாதா' என்று தந்தையாரும் இருந்துவிட்டார். மலைப்பாதையைக் கடந்து தம் வாக்கைத் தேடிச் சென்ற அவருக்கு, அடுப்படியில் நின்ற வாக்கு தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. 1951–52 முதற்பொதுத்தேர்தலின்போது, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே கூறிய ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமற் போயினர் என்று படித்து, வடநாட்டு நிகழ்ச்சி என்று தள்ளிவைத்தவர்கள் நாங்கள். அது எங்கள் வீட்டு நிகழ்ச்சியும்தான்.

அதே அங்கன்வாடி ஆசிரியை படிவத்தோடு வந்தார். பெயர், வயது எல்லாம் எழுதியபின், "அம்மே, வீட்டுப்பேரு எந்தா?" என்று வினவினார். கேரளத்தில் மனிதர் பெயருக்கு முன் வீட்டின் பெயர் நிற்கும். பட்டியலிலும் அதற்கு ஓரிடம் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தையே தலையில் தாங்கித் திரியும் நமக்கு அது விளங்காத வினா. வாடகை வீட்டுக்கு எண் உண்டு, பெயர் இல்லை. நாங்கள் விழித்தோம். அன்னையார் தயங்கவில்லை. "கீழவீடு" என்றார். சொந்த ஊரில் எங்கள் பழைய வீட்டை ஊரார் அழைத்த பெயர் அது. வீடு விழுந்து குட்டிச்சுவராகி இருபது ஆண்டுகள் ஆயிற்று. ஆசிரியை அதை மலையாளத்தில் எழுதிக்கொண்டு, "நல்ல பேராணு" என்று சிரித்தார்.

2021 ஏப்ரல் 6ஆம் நாள், மீண்டும் இரு மாநிலங்களும் ஒரே நாளில் சட்டமன்றத்துக்கு வாக்களித்தன. பெருந்தொற்றுக் காலம், முகக்கவசத்தோடு, எழுபத்திரண்டாம் வயதில், அன்னையார் தம் வாழ்வின் முதல் வாக்கை அளித்தார். யாருக்கு என்று நாங்கள் கேட்டோம். "அதைச் சொல்லக்கூடாதாம்" என்றார். அவ்விடையில் இருந்த நிமிர்வை அதற்குமுன் நாங்கள் அவரிடம் கண்டதில்லை.

இத்துடன் தடைகள் எல்லாம் நீங்கின என்று கூறி முடித்தால் அது பொய்யாகும். தோப்பும்படித் துறையிலிருந்து கடலுக்குச் செல்லும் படகுகள் பல நாள்கள் கழித்தே கரை காண்கின்றன. வாக்களிப்பு நாளில் கடலில் இருப்பவனுக்கு வாக்குச்சாவடி இல்லை. எண்பத்தைந்து வயது கடந்தோர்க்கும், நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுற்றோர்க்கும், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் வீடு தேடி வாக்குச்சீட்டு வந்தது. அலை நடுவே இருக்கும் இளைஞனைத் தேடி எதுவும் வருவதில்லை. வெளியூரில் வேலை செய்பவர் இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் வகையில், எழுபத்திரண்டு தொகுதிகள் வரை ஏற்கும் தொலைநிலை வாக்குப்பொறி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு முன் வைத்தது. கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின.

அவ்வையங்களைத் தள்ளிவிடவும் இயலாது. எங்கள் மாவட்டத்துப் பறவூரில் 1982 மே 19ஆம் நாள், நாட்டிலேயே முதன்முறையாக, ஐம்பது வாக்குச்சாவடிகளில் மின்னணுப் பொறி பயன்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்குகளில் வென்றார். எதிர்த்து நின்ற ஏ.சி. ஜோஸ் தொடுத்த வழக்கில், சட்டத்தில் இடமில்லாத முறையை ஆணையம் தானே கொண்டுவர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. அந்த ஐம்பது சாவடிகளிலும் மறுவாக்கெடுப்பு நடந்து, ஜோஸ் வென்றார். அதன்பின்னரே சட்டம் திருத்தப்பட்டுப் பொறி முறைப்படி வந்தது. தடையை நீக்குவதாயினும் சட்டத்தின் வாயில் வழியாகவே நீக்குதல் வேண்டும் என்பது பறவூர் தந்த பாடம். வாக்கு எளிதாதலும் வாக்கு தூயதாதலும் ஒன்றையொன்று தின்றுவிடலாகாது.

2025 நவம்பர் 4ஆம் நாள் முதல், கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ, உங்கள் பெற்றோர் பெயரோ எங்கே உள்ளது என்று படிவம் வினவியது. இடம் மாறி வாழும் குடும்பங்களுக்கு அது இரவு உறக்கத்தைக் கெடுத்த வினா. எங்களை மீட்டது எது தெரியுமா? சொந்த ஊர்ப் பழைய பட்டியலில் நின்ற தந்தையார் பெயரே. எந்தப் பெயரைச் சட்டப்படி அவர் அங்கே வைத்திருந்திருக்கலாகாது என்று வருந்தினோமோ, அதுவே பிள்ளைகளுக்குச் சான்றாயிற்று. அன்னையாருக்காக, அவர் பிறந்த ஊரின் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தேடி, முதிய வயதில் அதில் இருந்த அவர் தந்தையின் பெயரைக் கண்டெடுத்தோம். மங்கிய அச்சில் அப்பெயரைக் கண்டதும், அன்னையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிசம்பரில் வெளிவந்த வரைவுப் பட்டியலில் எங்கள் அனைவரின் பெயரும் இருந்தன. தேடிப் பார்க்க ஆளில்லாத வீடுகளில் என்ன நேர்ந்திருக்கும் என்னும் எண்ணம் இன்னும் எங்களை விட்டகலவில்லை.

ஆகவே, இம்மலரைப் படிக்கும் குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் சில. பட்டியலில் உங்கள் பெயரை இன்றே பாருங்கள். வீடு மாறியிருப்பின் எட்டாம் படிவமும், புதிதாகச் சேர்வதாயின் ஆறாம் படிவமும் நிறைவு செய்யுங்கள். வயது நிரம்பும் பிள்ளைகளுக்கு இப்போது ஆண்டில் நான்கு தகுதி நாள்கள் உண்டு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். கேரளத்தில் மாநகராட்சி, ஊராட்சித் தேர்தல்களுக்கான பட்டியல் தனி. மாநிலத் தேர்தல் ஆணையம் அதைத் தயாரிக்கிறது. சட்டமன்றப் பட்டியலில் இருக்கிறோம் என்று வாளா இருத்தல் கூடாது. வாக்களிப்பு நாளில் ஊதியத்தோடு விடுமுறை அளித்தல் முதலாளியின் கருணையன்று. சட்டத்தின் 135 ஆ பிரிவு தந்த உரிமை. நாட்கூலிக்கும் அது பொருந்தும். சங்க விழாக்களில் பாட்டும் நாடகமும் நடக்கும் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசையிட்டு, மலையாளம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருவரை அமர்த்தினால், படிவம் எழுதத் தெரியாத பத்து வீடுகளுக்கு விளக்கேற்றியவர் ஆவோம். மாநில அதிகாரிகளிடமும் நாம் ஒருமுகமாகக் கேட்கலாம்: வேலை முடிந்த மாலையில் பதிவு முகாம் வேண்டும், வாடகைக் குடியிருப்போரிடம் உரிமையாளரின் எழுத்தைக் கேட்டு அலைக்கழித்தல் கூடாது, பெயர் நீக்கும் முன் அறிவிப்பு உரியவர் கையில் சேர்தல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெண்டிரின் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். எங்களைப் போல் ஐம்பது ஆண்டுகள் காத்திராதீர்கள்.

ஊர்ப்பட்டியலில் பெயர் போனால் ஊரே போயிற்று என்று தந்தையார் அஞ்சினார். அவ்வச்சம் வீணானது என்று அவருக்குச் சொல்ல எங்களுக்கு ஒரு வழி அப்போது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. கொச்சித் தொகுதிப் பட்டியலில், தோப்பும்படிப் பகுதியின் ஒரு பக்கத்தில், மலையாள எழுத்தில், எங்கள் அன்னையாரின் பெயரும் அதனருகே 'கீழவீடு' என்னும் பெயரும் அச்சாகியுள்ளன. மலைக்கு அப்பால் இடிந்துபோன வீடு, இங்கே வாக்காளர் பட்டியலில் நிற்கிறது.